மார்ட்டின் நாள் வரை தாங்க வேண்டிய கடைவாய்ப் பல்

கோர்னேலின் கீழ்க் கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது நவம்பர் இரண்டாம் தேதி மத்தியானம், சூப்பின் மூன்றாவது கரண்டியில்.

மற்றவர்களுக்குப் பல் வலித்தால் "ஐயோ" என்பார்கள். கோர்னேல் சொன்னது: "பிரமாதம்!"

"எது பிரமாதம்?" என்றாள் அவர் மனைவி எதெல்கா.

"சூப்பு."

"அதுல இன்னும் உப்பே போடலியே."

"அதான் சொல்றேன். உப்பில்லாமலே பிரமாதம்."

எதெல்கா உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கன்னத்தில் கையூன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்னேல் மிச்சமிருந்த கொதிக்கும் சூப்பைப் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லியபடியே குடித்து முடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குதிரைமுள்ளங்கிக் காரம் என்றார். மேஜையில் குதிரைமுள்ளங்கியே இல்லை.

இந்த நாடகத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊருக்கு முழுப்பெயர் மோஷோன்மாட்யாரோவார். அதை நாக்குத் தடுக்காமல் சொல்ல வாயில் எல்லாப் பல்லும் இருக்க வேண்டும் என்பதால் ஓவார் என்று சுருக்கிக்கொள்வோம். ஆஸ்திரிய எல்லை கூப்பிடு தூரம். அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகிற செலவைக் கேட்டு, இருக்கிற பல்லும் கொட்டிவிடுமோ என்று பயந்து, ஆஸ்திரியாக்காரர்கள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இங்கே ஓடி வருவார்கள். அதனால் எங்கள் ஊரில் ரொட்டிக் கடையைத்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பல் டாக்டர் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலே நாலு பேரை இடித்துவிடலாம்.

எதெல்கா அந்த நோயாளிகளுக்கு ரூம் விடுகிறாள். வீட்டில் மூன்று ரூம், பதினைந்து வருஷ அனுபவம். வந்த ஆள் வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள், "மேல் வரிசை, இடது பக்கம், பிடுங்கி ரெண்டு நாள் ஆச்சு" என்று. ஊரில் இருக்கிற டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அவள் நம்பர் மனப்பாடம். அப்பேர்ப்பட்டவளோடுதான் கோர்னேல் பல் விஷயத்தில் பந்தயம் கட்டியிருந்தார். தைரியம் என்று நீங்கள் சொல்லலாம். நான் வேறு வார்த்தை வைத்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே பல்லில் சொத்தை. டாக்டர் வில்மா அம்மாள் குடைந்துகொண்டே போனார், போனார், தோள்பட்டை வழியாக வெளியே வந்துவிடுவாரோ என்று பயப்படுகிற அளவுக்குப் போனார். ஒருவழியாக ஃபில்லிங்கை வைத்து அடைத்துவிட்டுச் சொன்னார்.

"ரொம்ப ஆழம். ஃபில்லிங்குக்கும் நரம்புக்கும் நடுவுல வெங்காயத்தோல் கனம்தான் இருக்கு. இப்பவே ரூட் கேனால் பண்ணிட்டா நிம்மதி."

"பண்ணலேன்னா எத்தனை நாள் தாங்கும்?"

"பத்து வருஷம் தாங்கின பல்லையும் பார்த்திருக்கேன். பத்து மாசத்துல காலை நீட்டின பல்லையும் பார்த்திருக்கேன். பல்லு என்ன எனக்கு எழுதியா கொடுக்குது?"

ரூட் கேனால் என்றதுமே கோர்னேல் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர், எக்ஸ்பிரஸ் வண்டி வரும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அசையாமல் கொடி காட்டி நின்ற மனிதர். ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டி வாய்க்குள் வராதே.

வீட்டுக்கு வந்ததும் எதெல்கா ஆரம்பித்தாள்.

"இப்பவே போய்ப் பண்ணித் தொலைச்சிடு."

"அவசியமே இல்ல. இந்த ஃபில்லிங் என் சவப்பெட்டி வரைக்கும் கூட வரும்."

"மூணாவது மார்ட்டின் நாளைத் தாண்டாது."

"தாண்டினா?"

"தாண்டினா கோடைச் சமையலறை உனக்கு. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அதுக்குள்ள நீ ரூட் கேனாலுக்குப் போனேன்னா, அது என்னோட நாலாவது ரூம்."

கோடைச் சமையலறை என்பது முற்றத்துக் கோடியில் தனியாக நிற்கிற ஒற்றை அறை. வெயில் காலத்தில் வீடு சூடாகாமல் இருக்க, அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சமைப்பார்கள். இப்போது அதில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு சீட்டுக்கட்டு. சனிக்கிழமைதோறும் கோர்னேலும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் அங்கே உட்கார்ந்து மேஜை அதிரச் சீட்டை அறைவார்கள், கத்துவார்கள், சிரிப்பார்கள். வீட்டுக்குள் அதெல்லாம் நடக்காது. மூன்று ரூமிலும் வாய் வீங்கினவர்கள் படுத்திருப்பார்கள். கோர்னேல் சொந்த வீட்டில் காலுறையோடு பூனை மாதிரி நடப்பார். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். வடிகட்டின சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் விருந்தாளிக்கு ஆனதுதான் அவருக்கும். அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறை மட்டும்தான். அது போய்விட்டால் தானும் ஒரு விருந்தாளி, அதுவும் வாடகை தராத விருந்தாளி என்பது அவர் கணக்கு.

அந்த மூன்றாவது மார்ட்டின் நாள், நவம்பர் பதினொன்று, வர இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. ஊரே கொழுத்த வாத்து வறுத்து, புது ஒயினைத் திறந்து கொண்டாடும். அன்றைக்குக் காலையில் சாட்சியோடு வந்து பந்தயத்தை ஜெயிக்கலாம் என்று இருந்தவரை, கேடுகெட்ட பல் ஒன்பது நாள் முன்னதாகக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிப்பதற்கும் அதே பல்தான் இருந்தது.

மறுநாள் மேஜையில் புளிப்புச் செர்ரிச் சூப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூடு ஆறாத, மன்னிக்கவும், குளிர் ஆறாத சூப்பு. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்.

"இது ஜூலை மாசத்துச் சூப்பாச்சே?" என்றார் கோர்னேல்.

"ஃப்ரிட்ஜுல இடம் பண்ணணும். குடி."

"எனக்குக் கொஞ்சம் தொண்டை..."

"தொண்டையா? நான் பல்லோன்னு நினைச்சேன்."

அதற்குமேல் குடிக்காமல் இருக்க முடியுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கரண்டியை உள்ளே விட்டார். வலிக்கவில்லை! இன்னொரு கரண்டி. வலிக்காதது மட்டுமில்லை, காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்த வலி அப்படியே அடங்கிப்போனது. கோர்னேலுக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பை வாயிலேயே வைத்துக் கன்னத்தில் ஒதுக்கிச் சுகம் கண்டார்.

"இன்னொரு கிண்ணம் வேணுமா?"

"கொண்டா! பல்லு வலிக்கிறவன் குடிக்கிற சூப்பா இது? பார்த்துக்கோ!"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் எதெல்கா. மூன்றாவது கிண்ணமும் கொடுத்தாள்.

சூட்டில் உயிர் போகிற மாதிரி வலித்து, குளிரில் சுகப்படுகிற பல்லுக்குள் நரம்பு கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பது பல் வைத்தியத்தில் பாலபாடம். எங்கள் ஊரில் தபால்காரருக்குக்கூடத் தெரியும். கோர்னேலுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் பல் பேச்சு எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அதற்கப்புறம் ஐந்து நாளும் அவர் தண்ணீர் பாட்டிலோடுதான் நடமாடினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய் ஜில் தண்ணீர். பேசும்போது பாதி வார்த்தையில் நிறுத்தி ஒரு வாய்.

"என்ன இது, ஒட்டகம் மாதிரி குடிக்கிற?"

"கிட்னிக்கு நல்லதாம்."

"குடி, குடி. கிட்னியாவது சந்தோஷமா இருக்கட்டும்."

எட்டாம் தேதி காலையில் ஜில் தண்ணீரும் கையை விரித்துவிட்டது. கோர்னேல் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருப்பவர் பெர்த்தலான், சீட்டாட்டச் சிநேகிதர், பந்தயத்துக்குச் சாட்சியும் அவர்தான். விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"டேய், என்னால முடியலடா."

"பாலிங்காவை வாயில ஊத்தி அப்படியே வெச்சுக்க. மரத்துப்போயிடும்." எங்கள் பக்கத்துப் பழச் சாராயத்துக்குப் பாலிங்கா என்று பெயர். அது தீர்க்காத வியாதி இல்லை என்பது பெர்த்தலானின் கட்சி.

"வெச்சுப் பார்த்துட்டேன்."

"எவ்வளவு நேரம் வெச்சே?"

"முழுங்குற வரைக்கும்."

"அப்ப வேற வழியில்ல. ரூட் கேனால்தான். நேரா கிளினிக்குக்கு நட."

"பந்தயம் என்னடா ஆகறது? இன்னும் மூணே நாளு!"

"யாருக்கும் தெரியாமப் போ."

"இந்த ஊர்லயா? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எதெல்காவுக்குப் போன் போயிடும்."

பெர்த்தலான் கோடரியைக் கீழே வைத்தார். அவருக்கு யோசனை வருகிறது என்றால் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது.

"கோர்னேலா போனாத்தானே போன் போகும்? ஆஸ்திரியாக்காரனா போனா?"

"ஆ?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு கிளினிக் திறந்திருக்கான், லீவு நாள்லகூட மூடறதில்ல. டாக்டர் வெளியூர்க்காரன். உன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. வர்ற கூட்டம் பூரா ஆஸ்திரியா. நீதான் ரெண்டு வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் அஸ்பாரகஸ் தோட்டத்துல தண்டு வெட்டுற வேலை பார்த்தியே, பாஷை தெரியும்ல?"

"தெரியும்டா," என்றார் கோர்னேல் பெருமையாக.

தெரியும்தான். யார் பேசினாலும் புரியும், ஆனால் அவருக்குப் பேச வருகிற ஜெர்மன் முழுக்க அந்தத் தோட்டத்து மேஸ்திரியிடம் கற்றது. குனி, நிமிராதே, சீக்கிரம், இதெல்லாம் ஒரு வெட்டா.

ஒன்பதாம் தேதி காலை, ரயில்வே பென்ஷன் அலுவலகத்துக்குப் போகிறேன் என்று எதெல்காவிடம் சொல்லிவிட்டு, பெர்த்தலானின் இறகு வைத்த பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் சரக்கறை அலமாரியில் கைவிட்டு, பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டில் ஆப்ரிகாட் பாலிங்காவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் டாக்டரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் கிடையாது. காபிப் பொட்டலமோ, சாக்லேட் டப்பாவோ, ஒரு பாட்டிலோ கொடுத்தால்தான் மனசுக்கு நிம்மதி. கொடுக்காமல் போய் டாக்டர் கை நடுங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? கோர்னேலுக்கு ஊசிப் பயமே பாதி பாட்டில் அளவுக்கு இருந்தது. முழு பாட்டிலாக எடுத்துக்கொண்டார்.

வரவேற்பு மேஜைப் பெண் சிரித்த முகமாக ஜெர்மனில் கேட்டாள். "உங்க பேரு, ஐயா?"

"லியோபோல்ட் க்ரூபர்!"

"எங்கே வலிக்குது?"

"கீழே! சீக்கிரம்!"

"எப்போலேருந்து?"

கோர்னேலுக்கு அந்தக் கேள்விக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்ததை எடுத்து விட்டார். "குனி! நிமிராதே!"

அந்தப் பெண் ஒரு கணம் மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு அவரை உள்ளே அனுப்பி வைத்தாள்.

டாக்டர் ஸபோல்ச் இளம் வயசு, கை சுத்தம், அமைதியான ஆள். கோர்னேல் கோட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். டாக்டர் ஆச்சரியப்பட்டார். ஆயிரம் ஆஸ்திரியாக்காரர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள், ரசீது கேட்டிருக்கிறார்கள், தள்ளுபடி கேட்டிருக்கிறார்கள். ஒருத்தராவது பாட்டில் நீட்டினதில்லை. டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு நோயாளியைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி, க்ரூபர் ஐயா. ஒரே நிமிஷம், ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று கோர்னேல் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஊசி, குடைதல், அலசல், படம் பிடித்தல், மறுபடி குடைதல் என்று இரண்டரை மணி நேரம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வலிக்கவே இல்லை. ஏழு நாளாகச் சித்திரவதை செய்த நரம்பு, தலைமுடி நீளத்தில் ஒரு சிவப்புத் துணுக்காக வெளியே வந்து விழுந்தது. இதற்கா மூன்று வருஷம் பயந்தோம் என்று கோர்னேலுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பல் பிழைத்தது. பந்தயம் பிழைத்தது. இன்னும் இரண்டே நாள், அப்புறம் சாகும் வரைக்கும் சீட்டாட்டம். நாற்காலியில் சாய்ந்தபடியே கோடைச் சமையலறைச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எழுந்து கிளம்பப் போனவரை மேஜைப் பெண் தடுத்தாள். "இருங்க ஐயா. வெளியே வண்டி நிக்குது. உங்களுக்கு ரூம் போட்டிருக்கோம். வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்கு முதல் நாள் தங்க இடம் நாங்களே தந்துடறோம்."

கோர்னேல் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். தாடை பாதி முகத்துக்கு மரத்துக் கிடந்தது. "வேவா... வேவா..." என்றுதான் வந்தது.

"பயப்படாதீங்க. ரொம்ப சுத்தமான இடம். டாக்டரே பேசி ஏற்பாடு பண்ணினார்."

அதற்கு மேல் மல்லுக்கு நின்றால் சந்தேகம் வரும். எங்கேயாவது கொண்டுபோய் இறக்கட்டும், பின்வாசல் வழியாக நழுவி வீட்டுக்கு நடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி பாலத்தைத் தாண்டியது. சரி. தேவாலயத்தைச் சுற்றியது. சரி. ரொட்டிக் கடை முனையில் இடது பக்கம் திரும்பியது. கோர்னேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஒரு இடது. கோர்னேல் சீட்டுக்குக் கீழே சரிந்தார். வண்டி நின்ற இடத்தில் ஒரு பச்சை கேட். அந்தப் பச்சையைப் போன வசந்தத்தில் அடித்தவர் அவரேதான்.

கேட்டில் எதெல்கா நின்றிருந்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் கட்டுகிற கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"வாங்க, க்ரூபர் ஐயா, வாங்க வாங்க," என்றாள் ஜெர்மனில். "பார்த்து இறங்குங்க. படி இருக்கு."

வாங்க! இறங்குங்க! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து கோர்னேலுக்கு வந்த முதல் 'ங்க' அது. தன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லையோ? தொப்பியும் வீக்கமும் வேலை செய்கிறதோ? மனுஷ மனசு எதையெல்லாம் நம்பத் தயாராக இருக்கிறது பாருங்கள். கோர்னேல் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி பின்னால் நடந்தார்.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தின் கோடிக்கு நடந்தாள்.

கோடைச் சமையலறைக்கு வெளியே, வால்நட் மரத்தடியில், சீட்டாட்ட மேஜை நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் நாற்காலிகள். பக்கத்தில் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி பெர்த்தலான்.

"வணக்கம், க்ரூபர் ஐயா," என்றார் பெர்த்தலான் தரையைப் பார்த்துக்கொண்டே.

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள் எதெல்கா. "தங்கமான மனுஷன். தனியா எப்படிக் கட்டிலைத் தூக்கறதுன்னு நின்னேன். மார்ட்டின் நாள் வாத்துல ஒரு முழுத் தொடை தர்றேன்னு சொன்னதும் ஓடி வந்துட்டார்."

கோர்னேல் ஒரு தொடைக்கு விலைபோன சிநேகிதனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பெர்த்தலான் மேஜைக் காலில் ஏதோ ஆணி ஆடுகிறதா என்று தீவிரமாகச் சோதிக்க ஆரம்பித்தார்.

உள்ளே கட்டில். வெள்ளை விரிப்பு. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. சுவரில் கரி பிடித்திருந்த இடத்தில் ஒரு படம். மேஜை கிடந்த இடமே தெரியவில்லை.

"உக்காருங்க ஐயா. கால் நீட்டிப் படுங்க," என்று எதெல்கா அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் இருந்தா உங்களோட நல்லா பேசுவார். பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருக்கார். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற. பாவம், மூடின கதவுக்கு முன்னாடி நிக்கிறாரோ என்னவோ."

க்ரூபர் ஐயா மேலே கூரையைப் பார்த்தார்.

"ரொம்ப நேர்மையானவர். பொய்யே சொல்ல மாட்டார். சொல்ல வராதுங்கறதுதான் சரி. அவருக்கும் உங்களை மாதிரியே ஒரு பல்லு. பந்தயத்துல இருக்கு. நாளன்னைக்கு வரைக்கும் தாங்கிட்டா அவர் ஜெயிச்சார். தாங்கும்னு நினைக்கறீங்களா?"

இங்கேதான் கோர்னேல் மாட்டிக்கொண்டார். நான்தான் கோர்னேல் என்றால் ரூட் கேனால் செய்துகொண்டதை ஒப்புக்கொண்டதாகும், பந்தயம் போச்சு, அறை போச்சு. க்ரூபர்தான் என்று சாதித்தால், அதே அறையில் முதல் விருந்தாளியாகப் படுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள். இரண்டே நாள் க்ரூபராக இருந்துவிட்டு, பதினொன்றாம் தேதி காலையில் கோர்னேலாக எழுந்து வந்தால், கட்டிலை வெளியே தூக்கிப்போட எவ்வளவு நேரமாகும்? அவர் நெஞ்சை நிமிர்த்தி, "தாங்கும்" என்று தலையை ஆட்டினார்.

"நானும் அப்படித்தான் டாக்டர் வில்மாகிட்ட அன்னைக்கே கேட்டேன்," என்றாள் எதெல்கா, தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே. "எவ்வளவு நாள் டாக்டர் தாங்கும்னு. பதனமா வெச்சுக்கிட்டா பத்து வருஷம் ஓடும், ஆனா ஆள் அந்தப் பக்கத்துல வால்நட்டு கிட்டுன்னு கடிச்சு உடைச்சார்னா மூணு வருஷம்தான்னாங்க. அதான் சனிக்கிழமை சனிக்கிழமை சீட்டாட்டத்துக்கு ஒரு கூடை வால்நட் அனுப்பி வெச்சேன். பாருங்க என் மறதிய, பாக்குவெட்டி மாதிரி ஒண்ணு உண்டே, அதை மட்டும் ஒரு தடவைகூட அனுப்பல."

மூன்று வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கூடை வரும்போது, என்ன இருந்தாலும் என் மேல் பிரியம் உள்ளவள் என்று சிநேகிதர்களிடம் சொல்லி, பல்லாலேயே உடைத்துக் காட்டி, கைதட்டு வாங்கியவர் கோர்னேல். அவருக்கு இப்போது மரக்காத பாதி முகமும் மரத்துப்போனது.

"கட்டில்கூட அன்னைக்கே வாங்கிப் பரண்மேல போட்டாச்சு," என்றவள், ஏப்ரன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் மாடத்தில் வைத்தாள். "டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். அவருக்கு நோயாளிகிட்ட பாட்டில் வாங்கறது பிடிக்காதாம். அதுலயும் இதுல பின்னாடி வேற எழுதியிருக்கு."

பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் எதெல்காவின் குண்டு எழுத்து: 'கிறிஸ்துமஸுக்கு. கோர்னேல், கை வைக்காதே. எதெல்கா.'

கோர்னேல் கண்ணை மூடிக்கொண்டார். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அவளாக வந்து நீதான் கோர்னேல் என்று சொல்லட்டுமே, சொல்லாத வரைக்கும் தான் க்ரூபர்தான். தோல்வியை ஒப்புக்கொள்ளாத வரை தோல்வி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். முப்பது வருஷம் கொடி பிடித்த வைராக்கியம் அது.

எதெல்கா கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

"எத்தனை நாள் தங்கறதா உத்தேசம், ஐயா?"

க்ரூபர் ஐயா இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு நாளா? தாராளமா இருங்க. எனக்கும் சௌகரியம்தான். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் வரலேன்னா வீட்டுக்குள்ள எங்க படுக்கையறையில அவர் பக்கம் சும்மாதானே கிடக்கும்? சால்ஸ்பர்க்லேருந்து ஒரு அம்மா மேல்தாடை முழுக்கப் பிடுங்கிட்டு இடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களை அங்க போட்டுடறேன். எங்க வீட்டுக்காரர் அலமாரியையும் காலி பண்ணிக் கொடுத்துடறேன். மார்ட்டின் நாள் வாத்தும் ஒரு தட்டு மிச்சம்."

அவள் போன் எடுத்து நம்பரை அழுத்தத் தொடங்கினாள். வறுத்த வாத்தின் மொறுமொறுத் தோல், தன் பக்கத்துத் தலையணை, தன் அலமாரி, அதில் யாரோ ஒரு சால்ஸ்பர்க் அம்மாளின் பல் செட்டு மிதக்கிற கண்ணாடித் தம்ளர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்னேலின் கண் முன்னால் வந்தன. வைராக்கியம் அந்தத் தம்ளரில் விழுந்து முழுகியது. அவர் தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து, மரத்த வாயால் அலறினார்.

"எதெல்கா! நாந்தான்! கோர்னேல்! நானேதான்!"

எதெல்கா போனைக் காதிலிருந்து எடுத்தாள். முகத்தில் ஒரு துளி ஆச்சரியம் இல்லை.

"வந்துட்டியா? நல்ல வேளை. சீக்கிரம் கட்டிலை விட்டு எந்திரிச்சு அந்த விரிப்பை உதறிப் போடு, நாலாவது ரூமுக்கு அஞ்சு மணிக்கு ஆள் வருது."